ஸ்ட்ரோமா படலத்தின் மேல் வளர்த்த இரத்தக் குருத்தணுக்கள்: எண்ணிக்கை பெருகியும் திறன் ஏன் குறைகிறது?

கேள்வி
எழுதியவர்: இளவேர்

அனைவருக்கும் வணக்கம். இரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல் என்று நாம் வழக்கமாகச் சொல்பவற்றை, பழுதான மஜ்ஜைக்குப் பதிலாக நல்ல செல்களைச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சைக்காக ஆய்வகத்தில் பெருக்குவது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து சிடி34 என்ற மேற்பரப்புக் குறியீடு உள்ள செல்களைப் பிரித்தெடுத்து, எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மீசன்கைமல் ஸ்ட்ரோமா செல்களின், அதாவது மஜ்ஜையின் தாங்கு செல்களின், படலத்தின் மேல் இட்டு, எஸ்சிஎஃப், டிபிஓ, ஃப்ளிட்3 லிகண்ட் ஆகிய சைட்டோகைன்களையும் (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களையும்) சேர்த்து 14 நாள் வளர்க்கிறேன்.

மொத்தச் செல்களின் எண்ணிக்கையும் சிடி34 செல்களின் எண்ணிக்கையும் மிக நன்றாக உயர்கின்றன. ஆனால் அறுவடை செய்த செல்களைப் புதிய ஸ்ட்ரோமா படலத்தின் மேல் இட்டு ஐந்து வாரம் வளர்த்து, அதன்பின் மெத்தில்செல்லுலோஸ் என்ற கூழில் தோன்றும் காலனிகளை (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்களை) எண்ணும் நெடுநாள் வளர்ப்புச் சோதனையைச் செய்தபோது, தொடக்கத்தில் எடுத்த செல்கள் தந்ததைவிடக் குறைவான காலனிகளே கிடைத்தன. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் இதே முடிவு. இது போதாதென்று ஒரு முறை ஐந்தாவது வாரத்தை எட்டும் முன்பே படலம் ஓரத்தில் சுருண்டு, பாலாடை போல் தரையிலிருந்து முழுவதுமாகப் பெயர்ந்து மிதந்துவிட்டது.

மஜ்ஜையில் குருத்தணுவுக்கு இடமளித்துக் காப்பவை ஸ்ட்ரோமா செல்களே என்று படித்துத்தான் இந்த வழியைத் தேர்ந்தேன். அப்படியிருக்க, பெருகுவது ஒன்றாகவும் இழப்பது வேறொன்றாகவும் இருப்பது ஏன்? இந்த முறை நோயாளிகளிடம் பயன்பட்டதற்குச் சான்று உண்டா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: பழைய குடுவை

வணக்கம் இளவேர். வேறெதற்கும் முன் ஒன்றைக் கேட்கிறேன்: 14ஆம் நாளில் நீங்கள் அறுவடை செய்தது எதை? ஊடகத்தில், அதாவது ஊட்டத் திரவத்தில், மிதந்த செல்களை மட்டுமா, அல்லது படலத்தையும் பெயர்த்து எடுத்தீர்களா? உங்கள் புதிரில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் இத்தகைய குடுவையைப் பார்க்கும்போது மூன்று அடுக்குகள் தெரியும். மேலே உருண்டையாக, பளிச்சென்று மிதப்பவை ஒரு கூட்டம். படலத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அவையும் பளிச்சென்றே இருப்பவை இன்னொரு கூட்டம். குவியத்தை இன்னும் சற்றுக் கீழே இறக்கினால், ஸ்ட்ரோமா செல்களுக்கு அடியில் நுழைந்து, தட்டையாகவும் மங்கலாகவும், தளத்தில் நெருக்கிப் பாவிய கற்களைப் போல் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை தெரியும். முதல் முறை பார்ப்பவர்கள் அவற்றை ஸ்ட்ரோமாவின் பகுதி என்றே நினைத்துக் கடந்துவிடுவார்கள். ஐந்து வாரம் கழித்தும் காலனி தரக்கூடிய ஆதிச் செல்கள் பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான் தங்குகின்றன. மிதப்பவற்றை மட்டும் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்தால், விளைந்ததை அள்ளிக்கொண்டு விதையைக் குடுவையிலேயே விட்டுவிடுகிறோம்.

இது புதிதாகக் கண்டறிந்த செய்தியும் இல்லை. 1961இல் டில், மெக்கலக் இருவரும் எலியின் மண்ணீரலில் தோன்றும் காலனிகளைக் கொண்டு இரத்தக் குருத்தணு இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அதை உடலுக்கு வெளியே உயிரோடு வைத்திருப்பது மிகவும் கடினமாகவே இருந்தது. 1977இல் மான்செஸ்டரில் டெக்ஸ்டரும் அவருடைய குழுவினரும் எலி மஜ்ஜையை முதலில் குடுவைத் தரையில் படலமாகப் படியவிட்டு, அதன் மேல் இரத்தச் செல்களைப் பல மாதங்கள் வளர்த்தார்கள். குதிரைச் சீரம், 33 டிகிரி வெப்பம், வாரம் ஒரு முறை ஊடகத்தில் பாதியை மாற்றுதல் என்பவைதான் அவர்களுடைய கருவிகள். சைட்டோகைன் எதையும் வெளியிலிருந்து சேர்க்கவில்லை. வேண்டியதைப் படலமே கொடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, குருத்தணுவின் குணம் அதற்குள் மட்டும் இல்லை, அது அமர்ந்திருக்கும் இருப்பிடத்தையும் பொறுத்தது என்ற கருத்தை ஷோஃபீல்டு முன்வைத்தார். இடத்தை விட்டு நகர்ந்தால் அது முதிர்ச்சியை நோக்கிச் சென்றுவிடும் என்பது அவருடைய வாதம். உங்கள் குடுவையில் மிதப்பவை அப்படி இடம்பெயர்ந்தவை என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கண்டது முற்றிலும் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

ஸ்ட்ரோமா கொடுப்பதில் ஊடகத்தில் கரைந்து பரவுவது ஒரு பகுதி மட்டுமே. மற்றொரு பகுதியைத் தொட்டால்தான் பெற முடியும். எஸ்சிஎஃப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கரைந்த வடிவத்தை மட்டும் உண்டாக்கி, செல்சவ்வோடு ஒட்டியிருக்கும் வடிவத்தை உண்டாக்க முடியாத ஸ்டீல்-டிக்கி வகை எலிகளுக்குக் கடுமையான இரத்தசோகை இருக்கும், குருத்தணுக்களும் குறைந்துபோகும். நீங்கள் புட்டியிலிருந்து ஊற்றுவது கரைந்த வடிவத்தைத்தான். அதையும் டிபிஓவையும் தாராளமாக ஊற்றும்போது, ஓய்வில் இருக்க வேண்டிய செல்லையும் பிரியச் சொல்லித் தூண்டுகிறோம். ஸ்ட்ரோமா ஒரு பக்கம் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. சைட்டோகைன் மறுபக்கம் இழுக்கிறது. ஒரு குடுவையில் இப்போதைய அளவையும், இன்னொன்றில் அதன் பத்தில் ஒரு பங்கையும் இட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வளர்ப்புக்குப் பின் சிடி34 எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். புதிதாக எடுத்த இரத்தத்தில் சிடி38 என்ற இன்னொரு குறியீடு இல்லாத சிடி34 செல் என்றால் ஆதிச் செல் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். வளர்ப்பில் இருந்தபின் முதிர்ந்த செல்களும் சிடி38ஐ இழந்துவிடுவதால், குறியீடுகளைக் கொண்டு செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் குருத்தணு பெருகியதைப் போன்ற ஒரு பொய்த்தோற்றம் கிடைக்கும். நீங்கள் செய்த நெடுநாள் சோதனை அதைவிட நம்பகமானது. படலமே வேண்டாம் என்று சொல்பவர்கள் கூடத் தங்கள் செல்களின் தரத்தை அளக்கும்போது இந்தப் படலத்திடம்தான் திரும்பி வருகிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.


மறுமொழி 2
எழுதியவர்: இரவுப்பணி மருத்துவர்

குருதியியல் பிரிவில் மாற்றுச் சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில், சான்று பற்றிய கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு முதல் மாற்றுச் சிகிச்சை 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் தலைமையில் நடந்தது. ஃபான்கோனி இரத்தசோகை உள்ள ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் கொடி இரத்தம் செலுத்தப்பட்டது. திசுப் பொருத்தம் முழுமையாக இல்லாவிட்டாலும் கொடி இரத்தத்தை ஏற்க முடியும் என்பது அதன் பெரும் பலம். அளவு போதாமை அதன் பெரும் குறை. ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 2.5 கோடி உட்கருவுள்ள செல்களாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வளர்ந்த ஒருவருக்கு ஒரே அலகு பல நேரங்களில் போதாது. ஆகவே இரண்டு அலகுகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. அப்படியும் செல்கள் வேர்பிடிக்க நாளாகும்.

அந்த நாட்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த ஆய்வின் மதிப்பு முழுவதும் புரியும். நோயாளியின் சொந்த மஜ்ஜை அழிக்கப்பட்டுவிட்டது. புதியது இன்னும் எழவில்லை. ஒவ்வொரு காலையும் இரத்தப் பரிசோதனை முடிவு வரும் நேரத்தில், கட்டிலில் இருப்பவரும் கண்ணாடிக்கு அப்பால் நிற்பவரும் ஒரே எண்ணைத்தான் கேட்பார்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500ஐத் தாண்டி, தொடர்ந்து மூன்று நாள் அங்கேயே நின்றால்தான் வேர்பிடித்தது என்று சொல்வோம். அதற்கு முன்னுள்ள ஒவ்வொரு நாளும் ஒரு பூஞ்சைத் தொற்றுக்கோ பாக்டீரியாத் தொற்றுக்கோ திறந்து கிடக்கும் வாசல்தான்.

2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் டி லிமா குழுவினர் வெளியிட்ட ஆய்வு உங்கள் முறைக்கு மிக நெருக்கமானது. 31 நோயாளிகளுக்கு இரண்டு கொடி இரத்த அலகுகள் கொடுக்கப்பட்டன. ஒன்று இருந்தபடியே, மற்றொன்று மீசன்கைமல் ஸ்ட்ரோமா செல்களோடு 14 நாள் வளர்க்கப்பட்டு. வளர்த்த அலகில் மொத்தச் செல்கள் இடைநிலை மதிப்பில் ஏறத்தாழ 12 மடங்கும், சிடி34 செல்கள் 30 மடங்கும் பெருகின. வளர்க்காத இரண்டு அலகுகளைப் பெற்ற முந்தைய நோயாளிகளில் நியூட்ரோஃபில் மீள 24 நாள் ஆனது. இவர்களில் 15 நாளிலேயே மீண்டது. இரத்தத் தட்டுகள் 49 நாளுக்குப் பதிலாக 42 நாளில் மீண்டன. ஒன்பது நாள் என்பது படிப்பவருக்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். எங்கள் பிரிவில் அது மிகப் பெரியது.

ஆனால் அதே கட்டுரையின் மற்றொரு முடிவு உங்கள் ஐந்து வாரச் சோதனையோடு பொருந்துகிறது. நீண்ட நாளைக்கு நிலைத்து இரத்தம் தந்தது பெரும்பாலும் வளர்க்கப்படாத அலகுதான். முதல் வாரங்களின் ஆபத்தைக் கடத்தியது ஒன்று. ஆண்டுக்கணக்கில் நின்றது இன்னொன்று. இதை வைத்து, வளர்த்த அலகில் குருத்தணுவே மிஞ்சவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு அலகுகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது ஒன்றின் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் மற்றதை நிராகரிப்பதும் உண்டு. வளர்ப்பில் டி செல்கள் தங்கள் வலிமையை இழந்திருந்தால், வளர்த்த அலகு அந்தப் போட்டியில் தோற்பது இயல்பே. அதில் குருத்தணுத் திறன் குறைந்ததா, நோயெதிர்ப்பில் தோற்றதா என்பதை அந்த ஆய்வின் அமைப்பு பிரித்துக் காட்டாது.


மறுமொழி 3
எழுதியவர்: இளவேர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய குடுவை ஐயா கேட்டதற்கு விடை: ஆம், நான் மிதந்த செல்களை மட்டுமே எடுத்தேன். மேலே ஒட்டியவற்றுக்காக ஒரு முறை மென்மையாகக் கழுவினேன். படலத்தைத் தொடவே இல்லை. ஸ்ட்ரோமா செல்கள் கலந்துவிட்டால் எண்ணிக்கை குழம்பும் என்ற அச்சமே காரணம். கலவையைத் தவிர்க்க எண்ணி, தேடிக்கொண்டிருந்த செல்களையே குடுவையோடு கழித்துவிட்டேன் போலிருக்கிறது. நேற்று இன்னும் தூக்கி எறியாமல் வைத்திருந்த ஒரு குடுவையை எடுத்துக் குவியத்தைக் கீழே இறக்கிப் பார்த்தேன். நீங்கள் எழுதியபடியே மங்கலான கற்பாவல்கள், ஒரு கண்பரப்பில் மூன்று நான்கு இடங்களில், இருந்தன. இத்தனை மாதமாக அவற்றை நான் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மருத்துவர் அவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரே ஒரு அலகை மட்டும் வளர்த்துக் கொடுத்து, போட்டியே இல்லாத நிலையில் பார்த்தவர்கள் உண்டா?


மறுமொழி 4
எழுதியவர்: கரைசல்

உண்டு. ஆனால் அதில் ஸ்ட்ரோமா இல்லை. அதனால்தான் நான் இங்கே சற்று மாறுபட்ட கருத்தை முன்வைக்க வேண்டியிருக்கிறது. ஒமிடுபிசெல் என்ற தயாரிப்பில் ஒரே கொடி இரத்த அலகிலிருந்து சிடி133 செல்களைப் பிரித்து, நிக்கோட்டினமைடு சேர்த்த ஊடகத்தில் சுமார் மூன்று வாரம் வளர்த்து, பிரித்து வைத்த மீதிப் பகுதியை அதன் டி செல்களோடு உடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 125 பேர் சேர்க்கப்பட்ட மூன்றாம் கட்டச் சோதனையில் நியூட்ரோஃபில் மீள்வது 22 நாளிலிருந்து 12 நாளாகக் குறைந்தது. 2023 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. வளர்த்த செல்களே நிலைத்தும் நின்றன என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. டி செல்களைச் சேர்த்தே கொடுத்தபோது வளர்த்த அலகு நிலைக்கிறது என்றால், 2012 ஆய்வில் கண்ட இழப்பில் நோயெதிர்ப்புக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஸ்ட்ரோமா செய்வதை வரையறுக்கப்பட்ட மூலக்கூறுகளால் செய்யும் வழி வெகு தூரம் வந்துவிட்டது. 2010இல் எஸ்ஆர்1 என்ற சிறு மூலக்கூறு, அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியைத் தடுத்து மனிதக் குருத்தணுக்களைப் பெருக்கியது. அதே ஆண்டு டெலேனி குழுவினர், ஸ்ட்ரோமாவின் ஒரே ஒரு சமிக்ஞையை, நாட்ச் ஏற்பியைத் தூண்டும் டெல்டா புரதத்தை, பிளாஸ்டிக் பரப்பில் பொதித்துக் கொடுத்து நோயாளிகளில் வேகமான மீட்சியைக் கண்டார்கள். 2014இல் யுஎம்171 என்ற இன்னொரு சிறு மூலக்கூறு வந்தது. 2019இல் எலிக் குருத்தணுக்களை ஒரு மாத வளர்ப்பில் 200 மடங்குக்கு மேல் பெருக்கியபோது, சீரம் ஆல்புமினுக்குப் பதிலாகப் பயன்பட்டது பாலிவினைல் ஆல்கஹால் என்ற சாதாரணப் பாலிமர். இத்தனை காலம் நாம் ஊட்டமென்று ஊற்றிய ஆல்புமினின் கலப்படமே குருத்தணுவுக்குக் கேடாக இருந்தது என்று அந்த ஆய்வு காட்டியது. எனக்கு அது மிகப் பெரிய படிப்பினை. நிலைமை இப்படியிருக்க, ஒவ்வொரு கொடையாளரிடமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும் ஓர் உயிருள்ள படலத்தை நம்பிச் சிகிச்சைப் பொருளைத் தயாரிக்க வேண்டுமா?


மறுமொழி 5
எழுதியவர்: தூய்மையறை

சிகிச்சைக்குச் செல் தயாரிக்கும் கூடத்தில் பணிபுரிகிறேன். கரைசல் சொல்வதில் உள்ள நியாயத்தை என் வேலையில் நாள்தோறும் உணர்கிறேன். எம்எஸ்-5, ஓபி9 போன்ற எலிச் செல்வரிசைகள் ஆய்வுக்கு அருமையானவை. ஆனால் நோயாளிக்குப் போகும் பொருளில் விலங்குச் செல் கலந்தால், அதன் வைரஸ் அபாயத்துக்கும் நோயெதிர்ப்பு அபாயத்துக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். மனித ஸ்ட்ரோமா என்றாலும் கன்றுச் சீரத்துக்குப் பதிலாக மனித இரத்தத் தட்டுகளின் சாற்றைப் பயன்படுத்துவது, இறுதிப் பொருளில் மிஞ்சிய ஸ்ட்ரோமா செல்களை எண்ணுவது, ஒவ்வொரு தொகுதியும் குருத்தணுவைத் தாங்குகிறதா என்று தனியே சோதிப்பது என வேலை நீண்டுகொண்டே போகும். சிடி73, சிடி90, சிடி105 மூன்றும் இருந்து, இரத்தச் செல்களின் குறியீடான சிடி45 இல்லாவிட்டால் மீசன்கைமல் செல் என்று 2006இன் பன்னாட்டு வரையறைப்படி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த வரையறையில் தேறிய இரண்டு தொகுதிகளில் ஒன்று குருத்தணுவைத் தாங்கும், மற்றொன்று தாங்காது.

அதன் காரணமும் இப்போது ஓரளவு தெரிகிறது. மஜ்ஜையில் இரத்தக்குழாயை ஒட்டியிருக்கும் ஸ்ட்ரோமா செல்கள் எஸ்சிஎஃப், குருத்தணுவை மஜ்ஜையில் பிடித்து வைக்கும் சிஎக்ஸ்சிஎல்12 இரண்டையும் மிகுதியாக உண்டாக்குகின்றன. அவற்றைப் பிளாஸ்டிக்கில் வளர்த்தால் அந்தத் திறனைச் சீக்கிரமே இழக்கின்றன. ஐந்து மரபணுக்களைப் புகுத்தி அந்தத் திறனை மீட்க முடியும் என்று 2019இல் ஃப்ரெனெட் குழுவினர் எலிச் செல்களில் காட்டினார்கள். ஆகவே, மறுவளர்ப்பு எண்ணிக்கை (புதிய குடுவைக்கு மாற்றிய தடவைகள்) குறைவாக உள்ள செல்களையே எடுங்கள்; நான்காவது முறைக்குப் பின் நான் எடுக்க மாட்டேன்.

பெயர்ந்த படலத்தைப் பற்றி: பெரும்பாலும் அது, படலத்துச் செல்கள் பிரியாமலிருக்க முன்கூட்டியே கொடுக்கும் கதிர்வீச்சு போதாமல், அவை தொடர்ந்து பிரிந்ததால் நேர்வது. எங்கள் கூடத்திலும் ஒரு முறை கருவியின் அளவைச் சரிபார்க்காமல் விட்டு, இரண்டு வாரத்தில் படலம் அடர்ந்து இறுகி, ஊடகம் மாற்றிய கையோடு ஒரே தகடாக எழுந்து வந்தது. கதிர்வீச்சு அளித்த செல்களில் கொஞ்சத்தைத் தனித் தட்டில் அடர்த்தி குறைவாக இட்டு, அவை பிரிகின்றனவா என்று ஒரு வாரம் பாருங்கள். தரையில் கொலாஜன் பூசுங்கள். ஊடகத்தைப் படலத்தின் மேல் நேராக ஊற்றாமல், குடுவையின் எதிர்ச் சுவரில் வழியவிடுங்கள்.

படலத்தின் அடியில் உள்ள செல்களை எடுக்க டிரிப்சின் நொதியை நீண்ட நேரம் விட்டால் மேற்பரப்புப் புரதங்கள் சேதமாகும், கொலாஜனேஸ் நொதி மென்மையானது. அதன்பின் சிடி45ஐக் கொண்டு இரத்தச் செல்லையும் ஸ்ட்ரோமாவையும் பிரித்து எண்ணலாம், அந்த அச்சம் வேண்டாம். மருத்துவர் குறிப்பிட்ட 2012 ஆய்விலும் ஏழாம் நாளில் மிதந்த செல்களைப் பைக்கு மாற்றி மேலும் ஒரு வாரம் வளர்த்தபோது, படலம் இருந்த குடுவையைக் கழித்துவிடவில்லை. அதற்கும் புது ஊடகம் ஊற்றி அந்த வாரம் முழுவதும் வைத்திருந்து, இறுதியில் இரண்டையும் சேர்த்தார்கள்.


மறுமொழி 6
எழுதியவர்: பழைய குடுவை

கரைசலுக்கு ஒன்று மட்டும். எஸ்ஆர்1, யுஎம்171 ஆகியவற்றின் சிறப்பில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தயாரிப்புக்கு நானும் அவற்றைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் நாட்ச் சமிக்ஞையைப் பிளாஸ்டிக்கில் பொதிக்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? படலத்தோடு செல் எப்படிப் பேசுகிறது என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது. செல் எப்போது பிரியாமல் இருக்கிறது என்பதும் இன்னும் தீராத கேள்விதான். பிரிவின் நடுவே உள்ள மனிதக் குருத்தணுக்களை எலிக்குச் செலுத்தினால் அவை மஜ்ஜையில் சரியாக வேர்பிடிப்பதில்லை. ஓய்வில் உள்ளவை வேர்பிடிக்கின்றன. பெருக்கவும் வேண்டும், அறுவடை நாளில் ஓய்வுக்குக் கொண்டுவரவும் வேண்டும். அந்த இரண்டாவது வேலையைச் செய்யப் படலம்தான் வழிகாட்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இளவேர் இந்தக் கேள்வியைக் கைவிடக் கூடாது.


மறுமொழி 7
எழுதியவர்: இளவேர்

நீண்ட இடைவெளிக்குப் பின் எழுதுகிறேன். 14 நாள் வளர்ப்பு, ஐந்து வாரச் சோதனை, அதன்மேல் காலனிக்கு இரண்டு வாரம் என்று காத்திருந்தேன். மறுவளர்ப்பு மூன்றில் இருந்த ஸ்ட்ரோமா, கொலாஜன் பூசிய தரை, சைட்டோகைன் ஒன்றில் முழு அளவு, மற்றொன்றில் பத்தில் ஒரு பங்கு. மிதந்தவற்றையும் அடியில் இருந்தவற்றையும் தனித்தனியே அறுவடை செய்தேன். எந்தப் படலமும் பெயரவில்லை.

முழு அளவில் மிதந்த செல்கள் முன்பு போலவே மிகுதி, காலனிகள் சொற்பம். அடியில் இருந்தவை எண்ணிக்கையில் மிகச் சிறிய பகுதி. ஆனால் காலனிகளில் பெரும்பங்கு அவற்றிலிருந்தே வந்தது. குறைந்த அளவு இட்ட குடுவைகளில் மொத்தச் செல்கள் வெகுவாகக் குறைந்தன. இரண்டு பகுதிகளையும் கூட்டினால் காலனிகள் தொடக்க எண்ணிக்கையைச் சற்றுத் தாண்டின. மூன்று கொடையாளர்களில் இரண்டில் இப்படி. மூன்றாவதில் தொடக்க அளவிலேயே நின்றது. நான் முன்பு நம்பிய பல பத்து மடங்குப் பெருக்கத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனால் முதல் முறையாக நான் எதையும் இழக்கவில்லை.

அடுத்து, அடிப்பகுதிச் செல்களை வெவ்வேறு நீர்த்தலில் நோயெதிர்ப்புக் குறைந்த எலிகளுக்குச் செலுத்தி 16 வாரம் பார்க்க, நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்திருக்கிறேன். அவற்றின் மஜ்ஜையை இரண்டாம் எலிகளுக்கு மாற்றவும் அனுமதி கேட்டிருக்கிறேன். தூய்மையறை அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கொலாஜனேஸில் எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்? மூன்றாம் கொடையாளரின் குடுவையில் நான் சற்று அதிக நேரம் விட்டுவிட்டேனோ என்ற ஐயம் இருக்கிறது.